முதலில் ருசி பார்த்தவன்

லாகோஸ்,
4 மார்ச் 1990

இரட்டைப் பிள்ளைகளின் அம்மா மொரெனிகேவுக்கு,

நலம். அங்கே உன் அண்ணன் வீட்டில் நீயும் மகன் கெஹிண்டேயும் நலந்தானே? அவன் சாப்பிடுகிறானா? அதை முதலில் எழுது.

இங்கே விளம்பரக் கம்பெனியில் என் உயிர் போகிறது. புதிதாக நூடுல்ஸ் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவித்துக் கொடுத்தால் பிள்ளைகள் "ஐயோ, புழு!" என்று எழுந்து ஓடுகிறார்கள். பார்த்ததும் அவர்கள் நம்புகிற மாதிரி, பாக்கெட்டில் போட ஒரு முகம் வேண்டுமாம். யானை வரைந்தேன், கிளி வரைந்தேன். ஆமையைக் காட்டியதும் முதலாளி ஒகுன்டிபே, "யோவ், நம்ம கதையில ஆமை என்னிக்குய்யா ஒழுங்கா சாப்பிட்டிருக்கு? ஊரான் சோத்தைத் திருடித் தின்னு உதை வாங்குற பய!" என்று கத்தினார். சரிதான். அலுத்துவிட்டது. இந்த மாதத்துக்குள் வரையாவிட்டால் வேலை போய்விடும்.

அன்புடன்,
போலஹான்


அபெயோகுட்டா,
12 மார்ச்

இரட்டைப் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

சாப்பிடவில்லை. இரட்டைப் பிள்ளைகளுக்கான நம் வழக்கப்படி இரண்டு தட்டு வைக்கிறேன், போன டைவோவுக்கும் சேர்த்து. டைவோ முதல் வாய் வைத்து "நல்லா இருக்குடா" என்றால்தான் இவன் தொடுவான், உங்களுக்குத் தெரியாததா? இப்போதும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எல்லாம் ஆறிப்போகிறது.

காய்ச்சலில் டைவோ போய் எட்டு மாதம். உங்கள் கடிதத்தில் யானை இருக்கிறது, ஆமை இருக்கிறது. அவன் பெயர் மட்டும் இல்லை. நான் ஏன் லாகோஸ் திரும்பவில்லை என்று அண்ணனிடம் கேட்டீர்களாம். இதனால்தான்.

மொரெனிகே


லாகோஸ்,
2 ஏப்ரல்

அன்பு மொரெனிகே,

படம் தேறிவிட்டது. ஒரு பையன். மற்றப் பிள்ளைகள் தயங்கி நிற்க, இவன் மட்டும் முதல் வாய் வைத்துவிட்டுச் சிரிக்கிறான். முதலாளி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தப் படம் போட்ட நூடுல்ஸ் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன், கெஹிண்டேவுக்கு அவித்துக் கொடு. வேறென்ன எழுத? தூக்கம் வருவதில்லை.

போலஹான்


அபெயோகுட்டா,
15 ஏப்ரல்

இரட்டைப் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

பெட்டியைத் திறந்தேன், பாக்கெட்டுக்குப் பாக்கெட் டைவோவின் முகம். அதே புருவத் தழும்பு, அதே பல் விழுந்த சிரிப்பு. என்னிடம் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை, முகத்தைக் கடைகடையாகத் தொங்கவிட மனம் வந்ததா? நீங்கள் கல்நெஞ்சுக்காரர்.

கெஹிண்டே பாக்கெட்டை அந்தத் தட்டின் மேல் நிறுத்தி வைத்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மளமளவென்று தின்று, "அம்மா, இன்னும் இருக்கா?" என்றான். உங்களைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

ஆனாலும் அந்த முகத்தை எடுத்துவிடுங்கள். என் பிள்ளை கடையில் தொங்க வேண்டாம்.

மொரெனிகே


லாகோஸ்,
29 ஏப்ரல்

அன்பு மொரெனிகே,

முதலாளியிடம் போனேன். அது என் இரட்டைப் பிள்ளைகளில் செத்துப்போன டைவோ என்று சொன்னேன். அவர் மேசை முன்னாலேயே அழுதுவிட்டேன். தண்ணீர் கொடுத்தார், முதுகைத் தட்டினார். பிறகு, "இரட்டைன்னியே, இன்னொருத்தனுக்கும் இதே முகந்தானா?" என்று கேட்டார்.

டெலிவிஷன் விளம்பரத்தில் நடிக்கப் பையன் தேடுகிறார்கள். தழும்பை மையால் வரைந்துவிடலாமாம். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த முகம் ஓடிவந்து சிரிப்பதை இன்னும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஏங்குகிறேன். ஒரே ஒரு நாள் கெஹிண்டேயை அனுப்பு.

போலஹான்


அபெயோகுட்டா,
8 மே

கெஹிண்டேயின் அப்பாவுக்கு,

டைவோவின் பெயரை எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்களும் அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் போய்விட்டது. கோபப்படத் தெம்பும் இல்லை.

ஆனால் அண்ணன் உங்கள் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி உரக்கப் படித்தபோது கெஹிண்டே கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறான். மறுநாள் பார்க்கிறேன், கண்ணாடி முன்னால் நின்று அடுப்புக்கரியால் புருவத்தில் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறான். "என்னடா இது?" என்றேன்.

"இப்படி இருந்தாத்தானே அப்பாவுக்கு என்னைப் பார்க்கணும்னு தோணும்?" என்றான்.

கரியை நான் துடைத்துவிட்டேன். பதிலை நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும்.

மொரெனிகே