நிறுத்தி வைத்த ஆட்டம்

மே 7, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. குழாயில் தண்ணீர் இல்லை. நாள் முழுக்க ஜெராக்ஸ் கடையில் நின்று கால் வீக்கம். வீட்டுக்கு வந்தால் இவர் அதே பாயில், அதே டிவி முன்னால். வேலை பார்த்த மில்லை மூடியதிலிருந்து இதுதான் வேலை. தங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அக்கா பையன்கள் தூக்கிக் கொடுத்த பழைய வீடியோ கேம். தொப்பிக்காரக் குள்ளன் ஒருத்தன் ஓடுகிறான், தாவுகிறான், குழியில் விழுகிறான். திரும்ப முதலிலிருந்து.

வாங்க: உளுந்து, கால்வலித் தைலம்.

மே 8, செவ்வாய்

அண்ணன் போன். உசிலம்பட்டிப் பருத்திக் கடையில் கணக்கு எழுத ஆள் வேண்டுமாம். வியாழன் இவரை வரச் சொன்னார்களாம். சொன்னேன். "பாப்பம்." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு மல்லிகா வேறு: "என்னக்கா, அண்ணே இன்னும் பொம்மையத் தாவ விட்டுக்கிட்டுத்தான் இருக்காரா?" சிரித்து வைத்தேன். மானம் போகிறது.

மே 9, புதன்

கேட்டேவிட்டேன். "அதுல அப்படி என்னங்க இருக்கு? சின்னப் பயலுகளே சலிச்சுத் தூக்கிப் போட்டது."

குள்ளனை ஒரு குழி தாண்ட விட்டார். பிறகு, "குழி எங்கன இருக்குன்னு தெரியும் சுமதி. நேத்து இருந்த எடத்துலயேதான் இன்னைக்கும் இருக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். கேம் ரிமோட்டை என் கையில் கொடுத்தார். எதிரே வந்த முதல் காளான் பொம்மையிலேயே முட்டிச் செத்தேன். அடுத்த தடவை குள்ளன் தாவும்போது நானும் எழும்பினேன் போல. "நீ எதுக்குடி தாவுற?" சிரித்தார். மில் மூடிய பிறகு சிரித்தது இன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மே 10, வியாழன்

சலவைச் சட்டை போட்டு உசிலம்பட்டிக்குக் கிளம்பிவிட்டார்! "ஆட்டத்தக் கடைசிக் கோட்டையில நிப்பாட்டி வச்சிருக்கேன். அணைச்சுராத, வந்து முடிக்கணும். போயிட்டு வாரேன்."

மத்தியானம் நான் சாப்பிட வந்த நேரம் கரண்ட் போய் வந்தது. கோட்டையைக் காணோம். முதல் திரை. அம்புட்டும் போச்சு.

சாயங்காலம் வந்தார். "வயசு சாஸ்தின்னுட்டாங்க." செருப்பைக் கழற்றாமல் நின்றார். கரண்ட் விஷயத்தையும் சொன்னேன், பயந்துகொண்டே. டிவியையே பார்த்தார், ரொம்ப நேரம்.

"சட்டைய அலசிப் போடு. பேரையூர்ல ஒரு மில்லு இருக்காம். காலைல போறேன்."

கொடியில் போட்டுவிட்டு வந்தால், முதல் திரையிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

மழைக்கு வானம் கறுக்கிறது. காலைக்குள் சட்டை காய வேண்டும்.