கை எட்டும் தூரம்

மார்ச் 6

அன்புள்ள மூட்டை அக்கா,

நலமா என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை. ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. நீ பின்னி அனுப்பிய குல்லாய் வந்து சேர்ந்தது. அது என் வீட்டுக்காரர் தலையில்தான் இருக்கிறது, கேட்டால் தரமாட்டேன் என்கிறார்.

போனில் கேட்டால் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். ஜூடோ மட்டுமே தெரிந்த ஒருத்தி, முப்பத்து நாலு வயதுக்கு மேல் குத்தவோ உதைக்கவோ கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் எதற்குப் போகலாம்? இங்கே பாக்ஸிங் இருக்கிறது, கராத்தே இருக்கிறது, நீ சொல்லிக்கொடுக்கும் தாய்லாந்துச் சண்டை, அந்த முவாய் தாயும் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். "எந்தத் தாய்? உங்கம்மாவா, எங்கம்மாவா?" என்று கேட்டார்.

ஏன் இந்த ஆசை என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மின் அலுவலகத்தில் புகார் கவுண்டரில் என் பக்கத்து நாற்காலி டீச்சரம்மாவுடையது. அவர் டீச்சர் இல்லை. மனுவில் எழுத்துப்பிழை இருந்தால் சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் வாங்குவார், அதனால் அந்தப் பெயர். வயது ஐம்பத்து நாலு. போன புதன்கிழமை ஒரு ஆள், தன் வீட்டு மின்சாரத்தைத் தப்பாகத் துண்டித்துவிட்டார்கள் என்று கத்திக்கொண்டே உள்ளே வந்து அவரைக் கன்னத்தில் இரண்டு முறை அறைந்துவிட்டான். மூக்குக்கண்ணாடி தெறித்து உடைந்தது.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். எட்டிப் பிடிப்பதற்குள் அடி விழுந்துவிட்டது. பிடி கிடைக்காவிட்டால் ஜூடோ எதற்கு ஆகும், நீயே சொல். எனக்கு இந்த வேலை கிடைத்ததே விளையாட்டு ஒதுக்கீட்டில். மேனேஜரிலிருந்து வாசல் காவலாளி வரை என்னைச் சாம்பியன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் முகம் எரிகிறது.

சீக்கிரம் பதில் போடு.

உன்,
உடும்பு

மார்ச் 19

அன்பு உடும்பே,

ஏழு மாதத்துக்கும் சேர்த்துத் திட்டலாம் என்று உட்கார்ந்தேன். விஷயத்தைப் படித்ததும் திட்ட மனம் வரவில்லை. அந்த அம்மா எப்படி இருக்கிறார்? அதைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே.

இங்கே எல்லாம் வழக்கம்போல. விடிந்ததும் பேக்கரி, சாயங்காலம் பயிற்சிக் கூடம். இடது முழங்கால் மாடி ஏறும்போது மட்டும் முணுமுணுக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். ஜூடோக்காரிகளுக்கு இரண்டு கெட்ட பழக்கம். இரண்டு கையையும் குழந்தையை வாங்கப் போகிற மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு போவோம். முகவாயைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்போம், ஏனென்றால் அங்கே யாரும் அடித்ததே இல்லை. எதற்குப் போனாலும் முதல் மாதம் இந்த இரண்டையும் மறப்பதிலேயே போய்விடும்.

கராத்தே எட்ட நின்று, பாய்ந்து, அடித்துவிட்டுத் திரும்புகிற வித்தை. நீயோ ஒட்டிக்கொள்கிற பிராணி. முவாய் தாயில் கழுத்தைக் கட்டிப் பிடித்து முழங்காலால் இடிப்போம். அது உனக்குச் சொந்த வீடு மாதிரி இருக்கும். ஆனால் உதைக்கக் காலைத் தூக்கினால் ஒற்றைக் காலில் நிற்கிறாய். ஒற்றைக் காலில் நிற்பவளை நீயும் நானும் என்ன செய்வோம் என்று உனக்கே தெரியும். பாக்ஸிங்கில் காலும் கண்ணும் கற்றுக்கொள்ளலாம், எதிராளி பக்கத்தில் அடி படாமல் போய்ச் சேரலாம். போய்ச் சேர்ந்த பிறகு உன் ஜூடோ இருக்கிறது.

எது என்பது தூரத்தைப் பொறுத்தது. அதனால் சரியாக எழுது. அந்த ஆள் எந்தப் பக்கமிருந்து வந்தான், எந்தக் கையால் அடித்தான், மேஜை எங்கே, நீ எங்கே நின்றாய், எத்தனை கை தூரம்?

அன்புடன்,
மூட்டை

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

மூன்று இடத்துக்கும் போய் வந்தேன்.

கராத்தே வகுப்பில் எனக்கு இடமும் வலமும் எட்டு வயதுப் பிள்ளைகள். கத்தும்போது என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. முவாய் தாய்க்காரர் கழுத்துப் பிடியைக் காட்டிய உடனே, கை தானாகப் போய் அவரைத் தரை மெத்தையில் கிடத்திவிட்டேன். எழுந்து, "மேடம், அடுத்த தடவை சொல்லிட்டுப் போடுங்க" என்றார். பாக்ஸிங் கூடம் ஒரு பழைய கிடங்கு, நடத்துவது பஸ் ஓட்டுகிற ஒரு பெண். கையுறையைக் கொடுத்து, தொங்குகிற மணல் பையைக் குத்தச் சொன்னார். குத்தினேன். பிறகு எதிரே நிற்கச் சொன்னார். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ கேட்டது: கவுண்டருக்கு உள்ளே வலது ஓரத்தில் பக்கக் கதவு. அதை ஒட்டி என் நாற்காலி. என் இடது பக்கம் டீச்சரம்மா. அவன் அந்தப் பக்கக் கதவு வழியாகத்தான் வந்தான். வலது கையால் அடித்தான். நான் இரண்டு கை தூரத்தில் நின்றிருப்பேன்.

டீச்சரம்மா நாலு நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். புதுக் கண்ணாடி. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முன்னைப்போலவே தன் பிளாஸ்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றுகிறார். அதைக் குடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

இன்னொன்று. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "சாம்பியன், நம்ம லேடீஸ் ஸ்டாஃபுக்கு நீங்கதான் தற்காப்பு சொல்லித் தரணும், சனிக்கிழமை சனிக்கிழமை வச்சுக்கலாம்" என்றார். பெயர்ப் பட்டியல் போட்டாகிவிட்டது. முதல் பெயர் டீச்சரம்மாவுடையது. நான் ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த வகுப்பு என்று நீ சொல்லிவிட்டால் உடனே சேர்ந்துவிடுவேன்.

உன்,
உடும்பு

ஏப்ரல் 15

அன்பு உடும்பே,

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

உன் கடிதத்தைப் பேக்கரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். ரொட்டித் தட்டுகளை மேஜையாக அடுக்கினேன். மாவு பிசைகிறவரைக் கூப்பிட்டு, பக்கக் கதவு வழியாக வந்து இடது பக்கத்து நாற்காலியை அறையச் சொன்னேன். பாவம், எதற்கென்று அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் நாலு தடவை நடந்தார். நாலு தடவையும் உன் நாற்காலியை உரசிக்கொண்டுதான் போனார். வேறு வழியே இல்லை.

உன்னோடு பதினோரு வருஷம் ஜூடோ மெத்தையில் புரண்டிருக்கிறேன். உன்னை உரசிக்கொண்டு ஒருத்தர் போனால் நீ யோசிப்பதற்கு முன்னாலேயே உன் கை அவர் காலரில் இருக்கும். உனக்கு உடும்பு என்று பெயர் வைத்ததே அதற்குத்தான். அவன் உன்னைத் தாண்டிப் போய் இரண்டு அறை கொடுக்கிற வரைக்கும் நீ பிடி கிடைக்காமல் நின்றாய் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் நன்றாகத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால், நீ எங்கே நின்றாய் என்று எழுது. அதுவரைக்கும் எந்த வகுப்பு என்று சொல்லமாட்டேன்.

மூட்டை

மே 1

அக்கா,

நான் அங்கே இல்லை.

கோப்பு அறையில் இருந்தேன். எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால், ஏழெட்டு அடியில் இருக்கிறது அந்த அறை. கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. ஒரு பழைய மனுவைத் தேடிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவன் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். ஆள் பெரிய ஆளில்லை. என்னைவிடக் குள்ளம், தோளில் ஒரு சாப்பாட்டுப் பை. அவனைப் போல ஆட்களை நான் ஆயிரம் தடவை தூக்கிப் போட்டிருக்கிறேன்.

டீச்சரம்மா எழுந்து திரும்பி என் கதவைப் பார்த்தார். "சாம்பியன், கொஞ்சம் வாம்மா" என்றார். சத்தமாகக்கூட இல்லை, ஸ்டேப்ளரைக் கொடு என்று கேட்கிற மாதிரி. என் கை தாழ்ப்பாளில் இருந்தது. திறக்கத்தான் போனேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

பிறகுதான் அறைந்தான். முதல் அடிக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது அடியைக் காதால்தான் கேட்டேன். வாசல் காவலாளியும் லைன்மேனும் ஓடிவந்து அவனை இழுத்துக்கொண்டு போன பிறகு வெளியே வந்தேன். "உள்ளே இருந்தேன், கேட்கவில்லை" என்றேன். என்னைக் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன்.

நான் விழுந்து விழுந்து வளர்ந்தவள். விழுவதற்கு எனக்குப் பயமே இல்லை. ஆனால் என் முகத்தில் யாரும் கை வைத்ததில்லை, வீட்டிலும் இல்லை, ஜூடோ மெத்தையிலும் இல்லை. அந்தக் கை ஓங்கியதைப் பார்த்தபோது என் உடம்பில் இருந்தது சாம்பியன் இல்லை, வேறு யாரோ ஒருத்தி. அவளை எனக்கு முன்னால் தெரியாது.

உன்னிடம் வகுப்பு கேட்டதுகூட ஒரு நாடகம்தான். நான் குத்தக் கற்றுக்கொள்ளப் போனால், குறை ஜூடோவில்தான் என்று நீயும் நினைத்துக்கொள்வாய், நானும் நம்பிவிடலாம் இல்லையா. நீயும் நானும் சோறு தின்ற வித்தையின் மேல் பழியைப் போட்டேன்.

இதில் தாங்க முடியாதது ஒன்று இருக்கிறது. மேனேஜர் விசாரித்தபோது டீச்சரம்மாவே சொன்னார்: "அந்தப் பொண்ணு ஃபைல் ரூம்ல இருந்துச்சு சார். கதவு சாத்தியிருந்தா ஒண்ணும் கேக்காது." என்னைப் பார்க்காமல் சொன்னார்.

இதைப் படித்த பிறகு நீ எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

உடும்பு என்று கையெழுத்துப் போடக் கூசுகிறது.

மே 14

அன்பு உடும்பே,

எழுதாமல் இருக்கமாட்டேன். ஆனால் பரவாயில்லை என்றும் எழுதமாட்டேன். எனக்குக் கோபம் வந்தது. கடிதத்தை மடித்து மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

பயந்ததற்குக் கோபமில்லை. யாருக்கும் வரும். அந்த அம்மா உனக்காகப் பொய் சொல்லிவிட்டு உனக்கே டீயும் ஊற்றுகிறார், நீ குடித்துக்கொண்டிருக்கிறாய். அதற்குத்தான் கோபம்.

அவரிடம் போய்ச் சொல். என்னிடம் சொன்ன மாதிரியே, தாழ்ப்பாளையும் சேர்த்து. முதலில் அவரிடம். மற்றவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவரைக் கேட்டுச் செய், ஏனென்றால் அடி வாங்கியது அவர்.

வகுப்பு: பாக்ஸிங். உன் ஜூடோவுக்குப் பொருத்தமானது முவாய் தாய்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாக்ஸிங்கில் எதிரே நிற்கிறவள் தினம் நூறு தடவை உன் முகத்தைக் கையுறையால் மெதுவாகத் தொடுவாள். கண்ணை மூடாமல் நிற்க அப்படித்தான் பழக வேண்டும். எனக்கு இரண்டு மாதமாயிற்று. அதுவரை இங்கே எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர்.

அன்பு குறையவில்லை,
மூட்டை

ஜூன் 20

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன். மதியம் சாப்பிட்டு முடித்து, குழாயடியில் இரண்டு பேரும் டப்பா கழுவிக்கொண்டிருந்தோம். வேறு யாருமில்லை. தாழ்ப்பாள் வரைக்கும் சொன்னேன். அவர் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா" என்றார். "சத்தம் கேட்டுச்சு."

"அப்புறம் ஏங்க என்னைக் காப்பாத்தினீங்க?"

"உன்னை எங்க காப்பாத்தினேன். உள்ள ஒருத்தி நின்னு பாத்துக்கிட்டிருந்தா, நான் கூப்பிட்டும் வரலைன்னு வெளிய தெரிஞ்சா எனக்குத்தான அசிங்கம். கதவைத் திறக்கிற அளவுக்குக்கூட நான் பெறுமானம் இல்லாதவளான்னு கேப்பாங்கல்ல. அதான் கேக்கலைன்னு சொல்லிட்டேன்."

இத்தனை நாளாக வெட்கப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரையும் அதில் தள்ளிவிட்டிருக்கிறேன்.

எல்லோரிடமும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம். சொன்னா உனக்கு லேசாயிடும். மறுபடியும் எல்லாரும் என் மூஞ்சியையே பாப்பாங்க" என்றார். டப்பாவைத் துடைத்து மூடினார். "மன்னிச்சுட்டேன்னு இப்பச் சொல்ல வரலைம்மா. நாளைலேருந்து ஒண்ணாம் நம்பர் கவுண்டருக்குப் போறேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். கோவத்துல இல்ல. நீ பக்கத்துல இருந்தா எனக்குப் பின்னால இருக்கிற கதவையே பாக்கத் தோணுது. வேலை ஓடலை."

மறுநாள் போய்விட்டார். இப்போது என் பக்கத்தில் ஒரு புதுப் பெண், நாள் முழுக்க விசில் அடிக்கிறாள்.

மேனேஜரிடம் போய், சனிக்கிழமை வகுப்பு எடுக்க எனக்குத் தகுதியில்லை, காரணம் கேட்காதீர்கள் என்றேன். அவர் சிரித்து, "பெரிய ஆளுங்களுக்கே இந்த அடக்கம் இருக்கும்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். இன்னும் சாம்பியன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். டீச்சரம்மா கேட்டுக்கொண்டபடி வாயைத் திறக்காமல் திரும்பிப் பார்க்கிறேன். இதுதான் எனக்குத் தண்டனை என்று வைத்துக்கொண்டேன்.

பாக்ஸிங்கில் சேர்ந்து மூன்று வாரம். இன்னும் கண்ணை மூடுகிறேன். பஸ் ஓட்டுகிற அந்தப் பெண்ணுக்குப் பொறுமை அதிகம். "மூடினா எண்ணிக்கையில சேராது, மறுபடி ஒண்ணுலேருந்து" என்கிறார். போன வியாழக்கிழமை கொஞ்சம் பலமாகவே பட்டுவிட்டது. மூக்கு வீங்கி, கண்ணுக்குக் கீழே நீலமாகிவிட்டது. வீட்டுக்காரர் பயந்துபோய் நீ அனுப்பிய குல்லாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வரும்போது மழை. நிறுத்தத்தில் கூரைக்குக் கீழே டீச்சரம்மா நின்றிருந்தார். கொஞ்சம் தள்ளி நின்றேன். அவர்தான் திரும்பிப் பார்த்தார்.

"மூக்குல என்ன?"

"அடி வாங்கினேங்க."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சற்று நேரம் பார்த்தார். "வலிக்குதா?"

"வலிக்குது."

"ம்" என்றார். பஸ் வந்தது. அவர் முன் வாசலில் ஏறினார், நான் பின் வாசலில் ஏறிக்கொண்டேன்.

உன்,
உடும்பு