அப்பாவின் குரல் இருக்கும் பெட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, நாங்கள் முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள், நீயும் மாப்பிள்ளையும் அங்கே முழுசாக நலமாக இருக்க வேண்டும். முதலில் ஒரு மானக்கேடான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறதானால் இப்போதே சிரித்துக்கொள், பின்னால் சிரிக்க இடமிருக்காது. அப்பாவின் தொண்டைத் துவாரத்தின் மேல் கட்டுகிற குட்டித் துணிகள் இருக்கின்றனவே, மழையில் ஒன்றும் காயவில்லை என்று நான் அவற்றைக் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம், சூடான காற்று வருகிற ஓட்டையின் மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என்னமாய்க் காய்ந்தது தெரியுமா, இஸ்திரி போட்ட மாதிரி மொடமொடவென்று வரும். எதிர்வீட்டு டீச்சரிடம் நான் பெருமையடிக்க, அவளும் பாவம் அவள் வீட்டுப் பெட்டியில் சாக்ஸ் காயப்போட ஆரம்பித்துவிட்டாள். காற்றுப் போக வழியில்லாமல் நம் பெட்டி உள்ளுக்குள்ளேயே வெந்திருக்கிறது. பல்லைக் கடிப்பது போல கடக் கடக் என்று சத்தம் வந்தது, அப்புறம் திறக்கவே யுகமாயிற்று, கடைசியில் டிஸ்கில் பழுது இருக்கலாம், சோதித்துப் பார் என்று திரையிலேயே எழுதிக் காட்டிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

ஏன் என்று உனக்கே தெரியும். குரல்வளையை எடுத்த ஆபரேஷனுக்கு முந்தின நாள் அப்பா அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உனக்காகப் பேசிப் பதிவு செய்தாரே, அது அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. நீ போன் பண்ணும்போதெல்லாம் அதை அனுப்பும்மா என்பாய், நானும் நெட் சரியில்லை, கண் சரியில்லை என்று ஏதாவது சாக்குச் சொல்வேன். நிஜம் என்னவென்றால் அதைத் திறந்து கேட்க எனக்குத் தெம்பு வரவில்லை. அந்த மனுஷன் குரல் வேறெங்கே இருக்கிறது சொல், போனில் உன்னிடம் நல்லாருக்கியா, இரு அம்மாகிட்ட குடுக்கறேன் என்பதற்கு மேல் பேசினவரா அவர், உன் கல்யாண வீடியோவில் அவர் வாய் அசைகிற இடத்திலெல்லாம் அந்த வீடியோக்காரன் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டான். அதனால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவரை, நீ நெட்டை என்று பெயர் வைத்தாயே அவரைத்தான், கூப்பிட்டேன். கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, வர முடியாது என்று போனிலேயே வழி சொன்னார், அதற்கு நடுவில் விருந்துக்கு வந்த மாமியார் எங்க வீட்டுச் சாவியையே வாங்கிக்கிட்டாங்கக்கா என்று தன் கதையையும் சொல்லி அழுதார். முதலில் ஒரு நகல் எடுக்கப் பார்த்தேன், பாதியிலேயே பெட்டி அப்படியே உறைந்து நின்றது. அப்படீன்னா சோதனையையே ஓட விடுங்கக்கா, முடியற வரைக்கும் கரண்ட்ட மட்டும் நிறுத்திடாதீங்க, நடுவுல நின்னா உள்ள இருக்கறதுக்கு நான் பொறுப்பில்ல என்றார்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் ஓட விட்டேன். திரை கறுத்துப்போய் வெள்ளை எழுத்தில் சதவீதம் மட்டும் ஏறியது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தேன், அன்றைக்கும் ஒருத்தரும் வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் அப்பா. பாதி தாண்டியதும் எண் அப்படியே நின்றுவிட்டது, கடக் கடக் மட்டும் கேட்கிறது, அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குத் துவாரத்தில் சளி அடைத்துக்கொண்டது. எப்போதும் அடைப்பதுதான், ஆனால் இந்தத் தடவை இருமியும் வரவில்லை, முகம் கறுத்து உதடு நீலம் பாரித்துவிட்டது. சளி உறிஞ்சுகிற மெஷின் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் அந்த அறையில் இருப்பது ஒரே பிளக் பலகை, அதன் இரண்டு ஓட்டையிலும் கம்ப்யூட்டரும் திரையும். நான் பெட்டியின் பிளக்கில் கை வைத்துவிட்டேன். வைத்த கை ஒரு நொடி அங்கேயே நின்றது பாப்பா, அந்த ஒரு நொடியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, கட்டின புருஷன் மூச்சுக்குத் திணறுகிறார், நான் பதிவைப் பற்றி யோசிக்கிறேன். அதைவிடக் கொடுமை, அவரே என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வேண்டாம் என்று தலையாட்டினார். அந்த நிலையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, விரல் தடம் இன்னும் என் கையில் இருக்கிறது. வேறு வழி தெரியாமல் ஒரு கையில் மெஷினையும் ஒரு கையில் அவரையும் இழுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி, பிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அதில் மாட்டி உறிஞ்சினேன். கெட்டியாக, ரத்தத்தோடு வந்தது. மூச்சு வந்ததும் இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம், நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவர் சிலேட்டை எடுத்து டீ என்று எழுதிக் காட்டினார். பிறகு நெட்டையிடம் சொன்னபோது, திரையோட பிளக்கப் பிடுங்கியிருந்தா போதுமேக்கா, பெட்டி அதுபாட்டுக்கு ஓடியிருக்குமே என்றார். இந்த அறிவு எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் பெட்டியில் துணி காயப்போடுகிறேன்.

மத்தியானத்துக்குள் சோதனை முடிந்தது. சில இடங்கள் கெட்டுப்போய்விட்டன, அவற்றை ஒதுக்கிவிட்டேன், மற்றதெல்லாம் பத்திரம் என்று திரையில் வந்தது. அப்பாவின் பதிவும் பத்திரம், அதைப் பென் டிரைவில் போட்டு இந்தக் கவரிலேயே வைக்கிறேன். டாக்டர் அடுத்த வாரம் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார், ரத்தம் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. நீ லீவு போட்டு ஓடி வராதே, வர வேண்டியிருந்தால் நானே சொல்வேன், ஆனால் ஊருக்கு எடுத்து வருகிற பெட்டியை மட்டும் கீழே எடுத்து வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் வராமல் நூறு வயது இருங்கள். கவரைப் பிரிக்கும்போது அவசரப்பட்டு உதறிவிடாதே, பென் டிரைவ் சின்னது.

இப்படிக்கு,
உன் வாயாடி அம்மா

பி.கு. கவரை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது கேட்டுவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். அப்பா செருமுகிற சத்தம் வருகிறது, உடனே நான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து மேல்வீட்டுக்காரி நம் கொடியில் அவள் துணியைப் போட்ட கதையை ஆரம்பிக்கிறேன், அப்புறம் முழுக்க நான்தான் பேசுகிறேன். நடுநடுவே ம் என்று கேட்பதுதான் அப்பா. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை, என் மணிக்கட்டைப் பிடித்தபோதே இதில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். கடைசியில் நான் சரி, நான் போறேன், நீங்க பேசுங்க என்கிறேன், கதவு சாத்துகிற சத்தம் வருகிறது, அத்தோடு பதிவை நிறுத்தியிருக்கிறார்.