லோடு ஏற்றினால் இழுக்காத வண்டி

என் அருமை வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே நான் சுகம், வண்டியும் இப்போது சுகம், அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட என் வாயாலேயே வரட்டும். போன வாரம் பெரிய சிக்னலில் பச்சை விழுந்ததும் உன் அப்பாவின் ஸ்கூட்டரை ஒரு தள்ளுவண்டி முந்திக்கொண்டு போனது. கையால் தள்ளுகிற வண்டிதான், அதில் தர்பூசணி வேறு மலை மாதிரி. போகிற போக்கில் அந்த ஆள் திரும்பிப் பார்த்து, அண்ணே, கயிறு இருக்கு, கட்டி இழுக்கட்டுமா என்றார். வேணாம் தம்பி, பழம் அடிபட்டுடும் என்று சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது அதுதான், தள்ளுவண்டி இல்லை.

போனில் இதெல்லாம் பேச முடியாது, அவள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருப்பாள். அதனால் வேலை நேரத்தில் என் சரக்கு லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் லிஃப்ட் மேலே போகிறது என்று வைத்துக்கொள், பிழை இருந்தால் அது நான் பள்ளிக்கூடம் போன லட்சணம்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கீமோ மருந்து ஏற்றிவிட்டு வரும்போது காருக்குள் அடைத்து உட்கார வைத்தால் அந்த வாடைக்கே குமட்டுகிறது, முகத்தில் காற்றுப் பட்டால்தான் வயிறு அடங்குகிறது, அதனால் ஸ்கூட்டர்தான் எங்கள் ஆம்புலன்ஸ். அந்த ஆம்புலன்ஸ் நின்ற இடத்தை விட்டுக் கிளம்புவேனா என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு மாதிரி போய்விடும், நின்று கிளம்பும்போதுதான் முறுக்க முறுக்க இஞ்சின் மட்டும் ஊரைக் கூட்டும், சக்கரம் கடன்காரனைப் பார்த்தவன் மாதிரி பம்மும். தள்ளுவண்டி முந்தின அந்தச் சிக்னலில் பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஹாரன் அடித்து, ஒரு லாரி எங்கள் முதுகுக்கு ஒரு முழத்தில் வந்து பிரேக் போட்டு, டிரைவர் தலையை வெளியே நீட்டி, யோவ் பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்தியா என்று கேட்டார். சொல்ல வேண்டியவங்களையும் கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன் என்றேன். வாய்க்குக் குறைச்சல் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்பைக் கதவுக்குப் பின்னால் மூலையில் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இனிமே நான் வரல, நடு ரோட்ல நின்னு கண்டவன் வாயில விழறதுக்கு இங்கேயே கிடந்துடறேன், என் பாரம் தாங்காமத்தான் அது இழுக்கல என்கிறாள். யார் சொல்கிறது பார், வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஓடிப்போய்விட்டு வருகிறது, இவள் பாரமாம். வண்டி ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். பாதியில் விட்டால் இதுவரை ஏற்றினதும் வீண் என்று டாக்டர் முன்னமே சொல்லிவிட்டார். நான் என்ன செய்ய முடியும் சொல், அவளைத் திறந்து பார்க்க எனக்குத் தெரியாது, வண்டியைத்தான் திறந்தேன்.

தெருமுனை மெக்கானிக் பீப்பாய் உனக்கு நினைவிருக்கும், இப்போது இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார், அதில் வந்த மண்ணில் ரோஜாச் செடி வைக்கலாம். பிளக் மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார். அப்புறம் பக்கத்து மூடியைத் திறந்தால் பெல்ட் வெடித்துக் கிடக்கிறது, உள்ளே உருண்டையாக இருக்க வேண்டிய ரோலர் எல்லாம் ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாகிவிட்டது, இது சப்பையானா கிளம்பறப்ப இழுக்காதுண்ணே என்று சொல்லி எல்லாம் புதிதாகப் போட்டார். நான் தனியாக ஒரு சுற்றுப் போனேன், வண்டி பறந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பிக் கொண்டுவந்து ஏற்றினேன், பழைய குருடி கதவைத் திறடி. பாத்தீங்களா, நான் சொன்னேன்ல என்று இறங்கிக்கொண்டாள். பீப்பாய்க்கு ரோஷம் வந்து அவரே எனக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். உன் அம்மா மாதிரி இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டினாலும் அவர் எடை வராது, ஆனால் வண்டி சிட்டாகப் பறந்தது. நானும் அவரும் ஒருத்தர் தலையை ஒருத்தர் சொறியாத குறை.

மறுபடி அம்மாவை ஏற்றித் தெருக்கோடி வரை போய்விட்டு வந்ததும் பீப்பாய் ஏதோ கருகுதே என்று மோந்து பார்த்தார், குனிந்து பின் சக்கரத்தின் நடுவில் கை வைத்தவர் சுட்டுவிட்டது என்று உதறினார். இறங்காதீங்கக்கா, அண்ணே நீங்க இன்னொரு தடவை கிளப்புங்க என்று சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, அண்ணே, உங்க இடது கையைப் பாருங்க என்றார். பார்த்தேன். நாலு விரலும் பின் பிரேக்கைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருக்கின்றன. முறுக்கறதும் நீங்க, புடிச்சுக்கறதும் நீங்க, வண்டி என்னண்ணே பண்ணும் என்று வயிறு குலுங்கச் சிரித்தவர், என் சட்டையைப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பார்த்தார், அப்புறம் சிரிக்கவில்லை. ஸ்பானரைத் துடைக்கப் போய்விட்டார்.

உனக்குத் தெரியாததா, அம்மா ஏறி உட்கார்ந்ததும் என் முதுகில் ஒரு மொத்து மொத்துவாள், அதுதான் எங்கள் பஸ்ஸுக்கு விசில். நான் லோடு ஏத்தியாச்சு, போலாம் ரைட் என்பேன், அதற்கு இன்னொரு மொத்து விழும். இப்போது அவள் மொத்துகிறாளாம், எனக்குத்தான் தெரிவதில்லை. சட்டைக்கே தெரியவில்லை, முதுகுக்கு எப்படித் தெரியும். உட்கார்ந்தாளா, சரிகிறாளா, பின்னால் ஆள் இருக்கிறாளா இல்லையா என்று பயந்து பயந்து விரல் தானாகப் பிரேக்குக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டது. சத்தத்தை வைத்தே லிஃப்டில் எத்தனை மூட்டை என்று சொல்கிறவன் நான்.

பிரேக்கில் விரல் வைக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அம்மா மூலையிலிருந்து செருப்பை எடுத்தாள். சாக்குத் தீர்ந்துவிட்டதே. நேற்று போனோம், சிக்னலில் நாங்கள்தான் முதலில் கிளம்பினோம், தர்பூசணிக்காரர் இருந்திருந்தால் கையாவது காட்டியிருப்பேன். அங்கே அவளுக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நினைச்ச மாதிரி மருந்து கேக்கல, இந்தச் சுற்றை முடிச்சுட்டுப் பார்க்கலாம் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள். அம்மாவிடம் நல்லாப் போயிட்டிருக்காம் என்று சொல்லிவிட்டேன். நம்பினாளா என்று தெரியாது, தலையை ஆட்டினாள். பீப்பாய் மாதிரி ஒருத்தர் வந்து இங்கே பாருங்கண்ணே என்று காட்டினால் தேவலை. மூடியைக் கழற்றி மாற்ற ஒன்றுமே இல்லை மகளே.

நீ லீவு கேள். கேட்டுப் பார் இல்லை, கேட்டு வாங்கு. போனில் அழாதே, அவள் கண்டுபிடித்துவிடுவாள், சும்மா உன்னைப் பார்க்க வந்தேன் என்று வாயாடிக்கொண்டே உள்ளே வா. எதுவும் வாங்கி வராதே, அவளால் சாப்பிட முடியாது. ராத்திரி தலையைத் துவட்டிவிட்டுப் படு. எங்கே இருந்தாலும் நோய் நொடி அண்டாமல், நாலு பேர் மெச்ச நீ நன்றாக இருக்க வேண்டும். லீவு, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா, லிஃப்ட் டிரைவர், ஆம்புலன்ஸ் டிரைவர்

பி.கு: ஒன்று எழுத விட்டுப்போயிற்று. நேற்று திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தேன், முதுகில் நல்ல மொத்தாக ஒன்று விழுந்தது, பழைய மொத்து. எனக்கு ஒரே சந்தோஷம். லோடு ஏத்தியாச்சு என்று சொல்லி விரலை எடுத்தேன், வண்டி பறந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை. மொத்தினது, வண்டியை வாசலிலிருந்து எடுக்கச் சொன்ன காவலாளி. திரும்பிப் போனபோது அம்மா அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வண்டி நல்லா இழுக்குதா என்று கேட்டாள். நல்லா இழுக்குது என்றேன்.