முருங்கைக்கு ஊற்றிய காப்பி

அண்ணே,

என் விரல்களில் எலுமிச்சை வாசனையும் பழைய காப்பி வாசனையும் சேர்ந்து அடிக்கின்றன. சோப்புப் போட்டும் போகவில்லை. இந்த இரண்டும் சேர்ந்த வாசனை நம் வீட்டில் இதற்கு முன் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அன்று நீ அடுப்படித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உன் காப்பி மெஷினுக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தாய். இன்று நான் ஊற்றியிருக்கிறேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாது, இருவரும் தூங்குகிறார்கள். அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதுகிறேன். மெஷின் அரை மணி நேரம் ஊற வேண்டும் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதுவரை என் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

நீ போய் எட்டு மாதம். நான்கே நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு உன் மெஷினை அம்மாவைத் தவிர யாரும் தொடுவதில்லை. போன வாரம், "எம்மா, அத உள்ள ஒரு தடவ கழுவிரட்டா?" என்று கேட்டேன்.

"அவன் கை வச்ச சாமான். அப்படியே இருக்கட்டும். நீ அதுல கை வச்சே, பாத்துக்க."

அம்மா சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. மெல்லத்தான் சொன்னாள். காலையில் அந்த சுவிட்சைப் போடுவதற்காகத்தான் அவள் எழுந்திருக்கிறாள். அதை நான் கெடுத்துவிட்டால் நாளைக்கு எதற்காக எழுந்திருப்பாள் என்று தெரியவில்லை.

நீ அதைக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள்கிறேன். டவுனில் நீ வேலை பார்த்த கடையில் காட்சிக்கு வைத்திருந்தது. மூடியில் கீறல் விழுந்ததால் முதலாளி உன்னிடமே தள்ளிவிட்டார். நீ என்னவோ பரிசு வாங்கியவன்போல பைக்கில் கட்டிக்கொண்டு வந்தாய். மெஷின் உறுமியபோது நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். "ஏட்டி பயந்தாங்கொள்ளி, அது கடிக்காதுட்டி" என்று சிரித்தாய். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஓட்டல் காப்பி கணக்கா இருக்கு" என்றார். அம்மா, "பிள்ள போட்ட காப்பில்லா" என்றாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

நீயும் பின்னாலேயே வந்திருந்தாய்.

"ஏட்டி, முருங்கைக்கு என்னத்த ஊத்துத?"

"தண்ணி."

"ஆவி பறக்குது, தண்ணியாம். உண்மையச் சொல்லு."

நான் அழப் போகிறேன் என்று நினைத்தேன். "வாயில வைக்க முடியலண்ணே. கசக்குது. ஆனா தண்ணியாவும் இருக்கு. கடைசில உப்பு கரிக்குது."

நீ கோபப்படுவாய் என்று பார்த்தேன். நீ மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "உள்ள ரெண்டு பேரும் வாய் கூசாம பொய் சொல்லுதாவ. நீ ஒருத்திதான் முருங்கைட்டயாவது உண்மையச் சொல்லுத. இனிமே என்ட்ட சொல்லு."

எனக்கு அப்போது பதினான்கு வயது. நான் சொன்ன ஒன்றைக் கேட்டு அதற்காக ஒருவர் வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். ஃபில்டரில் போடும் நைஸ் பொடியைப் போட்டதால் அடைத்துக்கொண்டு மேலே பொங்கி, சுவரெல்லாம் காப்பியானது. கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து, சிக்கரி குறைத்து வாங்கிவந்தாய். கசப்பு போனது. மெஷினில் போட்டிருந்த கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினால் டிகாக்‌ஷன் நீர்த்துப்போய், பால் சேர்த்தால் கழுநீர் மாதிரி ஆனது. என் நகப்பாலீஷை எடுத்துக் கண்ணாடி ஜக்கில் பாதிக்கும் கீழே ஒரு சிவப்புக் கோடு போட்டாய். "கேக்காம எடுத்துட்டியே" என்று நான் கத்தினேன். காப்பி கெட்டியானது. ஆனாலும் உப்பு கரித்தது. நீ மெஷினைத்தான் திட்டினாய். நம் தெருவில் போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்று எல்லோருக்கும் தெரியும். குடத்தில் வெள்ளை படிவதும் தெரியும். காப்பிக்கு மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. புது மெஷின் இருக்கும்போது தண்ணீரை யார் குறை சொல்வார்கள்?

போர் மோட்டார் கெட்டுப்போன அன்று, டவுனில் பைப்பில் வரும் நல்ல தண்ணீரை நீ ஒரு கேனில் பிடித்து வந்தாய். அன்றைய காப்பியை நான் ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். டம்ளரை நீட்டினேன். "இன்னும் வேணுமா?" என்று கேட்டாய். உன் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவே மாட்டேன்.

அன்றுதான் எலுமிச்சை பிழிந்து உள்ளே படிந்த வெள்ளையைக் கரைத்தாய். அதற்கப்புறம் தினமும் கடையிலிருந்து வரும்போது உன் பைக்கில் கேன் இருந்தது. ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினாய். அது இன்னும் இருக்கிறது.

பொடி மூணு ஸ்பூன், குவிக்கக் கூடாது.
தண்ணி சிவப்புக் கோடு வரைக்கும்.
பால் தனியா காய்ச்சணும்.
கடைசியா தங்கச்சிட்ட கேக்கணும்.

என்ன தண்ணீர் என்று நீ எழுதவில்லை. கேன்தான் அங்கேயே இருந்ததே. அது உன் வேலை. நீ இருக்கும்வரை எழுத வேண்டிய அவசியம் வரவில்லை.

அம்மா அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்துத்தான் போடுகிறாள். ஸ்பூனைக் கத்தியால் வழித்துச் சமன் செய்கிறாள். குனிந்து சிவப்புக் கோட்டைப் பார்க்கிறாள். ஆனால் ஊற்றுவது போர் தண்ணீர். மெஷின் இப்போது இருமி இருமித்தான் சொட்டுகிறது. காப்பி ஆறிப்போய், உப்பு கரித்து, முதல் ஞாயிற்றுக்கிழமையைவிட மோசமாக இருக்கிறது. யாரும் சொல்வதில்லை. எப்படிச் சொல்வது? நீ போட்டு வைத்த அளவு. அதைக் குறை சொன்னால் உன்னைக் குறை சொன்ன மாதிரி.

போன புதன்கிழமை பல் துலக்கப் பின்பக்கம் போனேன். அப்பா முருங்கையடியில் நின்று டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அங்கேயே நின்றார். கரிசல் மண்ணில் காப்பி ஊற்றினால் தடமே தெரியாது. எத்தனை நாளாக ஊற்றுகிறாரோ. உள்ளே வந்து காலி டம்ளரை வைத்து, "நல்லாருக்கு" என்றார். "அவன் எழுதி வச்ச அளவுல்லா" என்றாள் அம்மா. அவள் டம்ளரில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

அன்றைக்கே பேச்சியிடம் கேட்டேன். என் வகுப்பில் படிக்கிறாள், டவுனில் அவள் வீடு. வியாழக்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் தினம் ஒரு பாட்டிலில் பிடித்து, புத்தகப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். "தண்ணிய எதுக்குட்டி திருடன் மாதிரி கொண்டுபோற?" என்று கேட்டாள். பையை இழுத்து மூடிக்கொண்டு நடந்தேன். நான்கு பாட்டில் கட்டிலுக்கு அடியில் சேர்ந்தது.

அண்ணே, கொஞ்ச நேரம் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். ஊறியது போதும் என்று சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. ஒரு சொட்டு விழவில்லை. உறுமவும் இல்லை. நான் தரையில் உட்கார்ந்து அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். உன் கையெழுத்தும் இந்த மெஷினும்தான் இந்த அடுப்படியில் உன்னுடையவை. ஒன்றைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அம்மாவை எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று கதவுவரை போனேன்.

பின்னால் ஒரு செருமல் கேட்டது. தாத்தாமார் காறுவதுபோல மெஷின் காறிவிட்டு, வெள்ளை வெள்ளையாகச் செதில்களோடு கொட்டியது. இவ்வளவு உப்பா உள்ளே இருந்தது? நல்ல தண்ணீரை இரண்டு தடவை ஓடவிட்டேன். இரண்டாவது தடவை தெளிவாக வந்தது, புளிப்பும் இல்லை. சத்தமும் பழைய சத்தம். அதைக் கேட்டு ஒருகாலத்தில் கதவுக்குப் பின்னால் ஒளிந்தவள் நான்.

மிச்சம் ஒரு பாட்டில் இருக்கிறது. அது காலைக் காப்பிக்கு. எனக்கு இப்போதே ஒரு வாய் குடித்துப் பார்க்க ஆசை. ஆனால் தொடமாட்டேன். மூன்று பேரும் சேர்ந்துதான் குடிக்க வேண்டும்.

எலுமிச்சைத் தோலைப் பேப்பரில் சுருட்டித் தூரமாக எறிந்துவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். அம்மா எழுந்து காப்பி போட்டு, நன்றாக வந்தால், நீயே வந்து சரிசெய்ததாக நினைத்துக்கொள்வாள். அப்படி நினைத்தால் அவளுக்கு நல்லதுதானோ என்றும் தோன்றியது. ஆனால் பாட்டில் தீர்ந்ததும் அடுத்த நாளே மறுபடி கரிக்கும். அதனால் தோலை மேடையிலேயே வைத்துவிட்டேன். செதில்களை ஒரு கிண்ணத்தில் போட்டு அதன் பக்கத்தில் வைத்தேன். உன் தாளில் நான் கை வைக்கவில்லை. ஒரு சின்னத் துண்டில் 'தண்ணி: டவுன் தண்ணி மட்டும், தினம் நான் கொண்டு வாரேன்' என்று எழுதி அதற்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். என் எழுத்து உன்னுடையதைவிடக் கோணல்.

அம்மா திட்டலாம். அழலாம். எது வந்தாலும், தாளில் இருக்கிற நாலாவது வரியை இத்தனை மாதமாக நீ செய்யவே இல்லையேம்மா என்று கேட்கப் போகிறேன். உன் கையெழுத்தில் இருப்பதை அவளால் தட்ட முடியாது. இந்த வீட்டில் எனக்கென்று ஒரு வேலையை எழுதி ஒட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாய். அதற்கு நான் உனக்கு ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை.

வெளியே மாட்டுக்காரரின் பால் கேன் சத்தம் கேட்கிறது. உள்ளே அம்மா புரண்டு படுக்கும் சத்தமும் வருகிறது. பயமாகத்தான் இருக்கிறது அண்ணே. ஆனால் அவள் டம்ளரை நீட்டும்போது நான் முருங்கைப் பக்கம் போகமாட்டேன்.