தாய் வராத முசுறுக் கூடு

கொழிஞ்சாம்பாறை,
வியாழக்கிழமை.

அன்புத் தம்பி சிவப்பிரகாஷுக்கு, அக்கா யோகப்பிரியா எழுதுவது.

நல்லேப்பிள்ளியில் இருக்கும் நம் தோட்டத்திலிருந்து நான் கொண்டுவந்த முசுறுக் கூடுகளில் தாய் எறும்பு இல்லை. கிருஷிபவன் வேளாண் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தமிழ்ப்ரியா நேற்று எங்கள் மாமரத்தில் ஏறிப் பார்த்து உறுதியாகச் சொன்னாள். முட்டை இல்லை, சின்னப் புழுவும் இல்லை. வளர்ந்து முடிந்த பெரிய புழுக்களும், காலும் மீசையும் நெஞ்சோடு மடிந்து வெள்ளையாகக் கிடக்கும் கூட்டுப்புழுக்களும்தான் மிச்சம். இவை எறும்பாகிவிட்டால் பின்னால் வர ஆளில்லை.

புழு நிறைந்த கூட்டில்தான் தாய் இருக்கும் என்று எண்ணி, கனமான கூடுகளாகப் பார்த்துச் சாக்கில் கட்டி வந்தேன். தாய் ஒரே கூட்டில்தான் இருக்குமாம். குஞ்சுகளை வேலைக்கார எறும்புகள் கவ்விக்கொண்டு போய் மற்றக் கூடுகளில் வைத்து ஊட்டி வளர்க்குமாம். "அம்மாவப் பாக்காமயே வளந்துருதுங்க்கா" என்றாள் தமிழ்ப்ரியா.

வாய்க்கால் ஓரத்து மாமரத்தில் நாம் கூட்டைப் பிரித்த நாள் நினைவிருக்கிறதா? அரிசி போலப் புழுக்கள், கண்ணும் இல்லை, காலும் இல்லை. இது எப்படிப் பள்ளிக்கூடம் போகும் என்று கேட்டாய். மற்றவர்கள் தூக்கிப் போவார்கள் என்றேன். மறுநாள் காலை பையோடு என் முதுகில் ஏறியவன் இறங்கவே இல்லை. கூட்டைப் பிரித்த அன்று ஓர் எறும்பு புழுவைக் கவ்வி இலை விளிம்புகளில் மாறி மாறி வைக்க, புழுவின் வாயிலிருந்து நூல் வந்தது. நீ அதற்குப் பசை டப்பா என்று பேர் வைத்தாய். தனக்கென்று கூடு கட்ட வேண்டிய நூலை எல்லாம் அது இலை தைக்கவே கொடுத்துவிடுகிறது என்று நமக்கு அப்போது தெரியாது. கடிபட்ட காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே அம்மா, யார் முதலில் கூட்டைத் தொட்டது என்று கேட்டாள். இரண்டு பேருமே மற்றக் காலையும் நீட்டினோம்.

அந்த மரத்தையும் சேர்த்துத்தான் மரவியாபாரி பொங்கியண்ணனுக்குக் கொடுத்திருக்கிறாய். உன் பங்கு, நான் குறை சொல்லவில்லை. அடுத்த வார வெள்ளிக்கிழமை வெட்டு. தாய் அதன் உச்சிக் கூட்டில் இருக்கலாம் என்பது தமிழ்ப்ரியாவின் கணிப்பு. அவளுக்கு அதற்கடுத்த ஞாயிறுதான் ஓய்வு. அதுவரை பொறுக்கச் சொல்லிப் பொங்கியண்ணனிடம் கேட்டேன். "மரம் உங்க தம்பியோடதுங்க அம்மிணி. அவரு ஒரு வார்த்த சொல்லட்டும், நிறுத்திப்போடறனுங்க" என்றார்.

இங்கே மாம்பூ வரும் நேரம். பூச்சிகளைப் பிடித்துத் தின்ன முசுறு நிலைக்காவிட்டால் மருந்து அடித்துத்தான் ஆக வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். போனில் சொன்னால் "பாக்கலாங்க்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தபால்.

உங்கள் ஏலப்பாறைக் குளிரில் மோனிஷாவின் இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீரே குடிக்கச் சொல்.

அம்மா காரியம் முடிந்து போனவன் நீ இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. வெள்ளிக்கு முன் பொங்கியண்ணனிடம் பேசிவிடு. முடிந்தால் மறுநாள் சனிக்கிழமை நீயும் மோனிஷாவும் ஜோடியாகப் பஸ் ஏறுங்கள். நீங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். தாய் அங்கே இருக்கிறதா என்பது ஞாயிறு மதியத்துக்குள் தெரிந்துவிடும். அன்றைக்கு உங்களுக்கும் சேர்த்தே உலை வைப்பேன்.

உன் அக்கா,
யோகப்பிரியா