பந்தே விழாத டேப்

பர்வதம்,

ரசம் பண்ணி வெச்சிருக்கேன், சுட வெச்சுச் சாப்பிட்டுட்டுத் தூங்கு. கராஜ் சாவி மைக்ரோவேவ் மேல இருக்கு.

நேத்து நீ டியூட்டிக்குப் போனப்புறம் ஒன்பதாவது காலேஜ் லக்ராஸ் கோச்சும் நம்ம விஷாகாவை டீமுக்கு வேண்டாம்னு எழுதிட்டார். இனிமே கேக்கறதுக்கு யாருமில்லை. அந்த வலை கட்டின குச்சியால அவ பந்தை எப்படிப் பிடிச்சு எறிஞ்சு ஆடறான்னு பாக்கத்தான் டேப் கேட்டாங்களாம். நான் எடுத்து அனுப்பினதுல அவ மூஞ்சி மட்டும்தான் இருக்காம். அரங்கேற்றம் எடுக்கற மாதிரி முழுக்க ஜூம் பண்ணியே எடுத்திருக்கேன். பந்து எங்க போச்சுன்னே தெரியலயாம்.

"நீ என் ஆட்டத்தைப் பாக்கவே இல்லைப்பா"ன்னு இங்கிலீஷ்ல கத்திட்டுக் கதவைச் சாத்திண்டா. வெங்காய சாம்பார் அப்படியே இருக்கு, தொடவே இல்லை.

அவளுக்குத் தமிழ் படிக்க வராதுங்கற தைரியத்துலதான் இதை ஃப்ரிட்ஜ்ல ஒட்டறேன். நீ பாட்டுக்குப் போய் சமாதானம் சொல்லாதே, எரிஞ்சு விழுவா.

திரும்பி வந்த டேப்பை மட்டும் தூக்கிப் போட்டுடாதே.

இன்னொண்ணு. சனிக்கிழமை அவளோட கடைசி மேட்ச். அப்பா கேமரா எடுத்துண்டு வரமாட்டார், பந்தை மட்டும் பாப்பார்னு சொல்லு. வரலாமான்னு கேளு.